கோடையில் ஆளும் மாடும் கோழியும்: தண்ணீரை ஆவியாகவிட்டுக் குளிர்விக்கும் முழுமையான வழிகாட்டி

வெயில் ஏறியதும் கொட்டகை முழுக்கப் பனி போல் நுண்துளி தெளிக்கும் ஃபாக்கர் மாட்டிவிட்டு, 'இனி கவலை இல்லை' என்று இருப்பவர்கள் நிறையப் பேர். கரூரிலோ ஈரோட்டிலோ சித்திரை மதியத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். அதே ஃபாக்கரை நாகப்பட்டினத்தில், காற்று அடங்கிய ஒரு சாயங்காலத்தில் ஓட்டிப் பாருங்கள். மாடு முன்னைவிட அதிகமாக இரைக்கும். பால் கறக்க வந்த ஆளும் 'நிறுத்துங்க, மூச்சு முட்டுது' என்பார்.

காரணம் எளிது. தண்ணீர் காயும்போதுதான், அதாவது ஆவியாகும்போதுதான், குளிர்ச்சி கிடைக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 70 கிலோ கலோரி போதும். அதே ஒரு லிட்டர் ஆவியாகிப் போக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வேண்டும். இந்த எட்டு மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறது என்பதுதான் கேள்வி. காற்றிலிருந்து எடுத்தால் காற்று குளிரும். தோலிலிருந்து எடுத்தால் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் காயாது, எங்கிருந்தும் எடுக்காது. மண்பானைத் தண்ணீர் பங்குனியில் சில்லென்று இருப்பதும் ஐப்பசி மழையில் சும்மா இருப்பதும் இதனால்தான்.

ஆகவே வழிகள் இரண்டு. வறண்ட காற்று உள்ள இடத்தில் காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பலாம்: கூலிங் பேட் (காற்று உள்ளே வரும் பக்கம் தண்ணீர் ஊறவிடும் தடித்த அட்டை), ஃபாக்கர், ஏர் கூலர், அந்தக் காலத்து வெட்டிவேர் தட்டி எல்லாம் இந்த வகை. புழுக்கமான இடத்தில் காற்றை விட்டுவிட்டு உடம்பை நனைத்து, மின்விசிறியால் காய வைக்க வேண்டும். எது உங்கள் இடத்துக்கு ஆகும் என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

படி 1: காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது என்று பாருங்கள்

இதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடித் தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், அறை வெப்பம் பார்க்கும் வகை. ஒன்றை அப்படியே தொங்கவிடுங்கள். இன்னொன்றின் அடிக்குமிழில் பழைய பருத்தி வேட்டித் துணியின் ஒரு பட்டையைச் சுற்றி, அதன் வால் ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டியில் இருக்கும்படி வையுங்கள். துணியில் கஞ்சி இருக்கக் கூடாது, சோப்புப் போட்டு அலசிவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் ஏறாது. நிழலில் வைத்து, விசிறியின் காற்று படும்படி சில நிமிடம் விட்டால் ஈரத் தெர்மாமீட்டர் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. நீங்கள் எவ்வளவு விலை கொடுத்துக் கூலர் வாங்கினாலும் காற்றை அதற்குக் கீழே இறக்க முடியாது.

கரூர் பக்கம் ஒரு மே மாத மதியத்தில் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்குமிழ் சுமார் 24.5 காட்டும். நல்ல கூலிங் பேட் இந்த இடைவெளியில் முக்கால் பங்கைப் பிடித்துவிடும். உள்ளே வரும் காற்று 28 டிகிரிக்கு வந்துவிடும். கடற்கரையோரம் 35 டிகிரி, 65 சதவீதம் என்றால் ஈரக்குமிழே 29.5. அதே பேட் கொடுப்பது 31 டிகிரிக் காற்று, அதுவும் 90 சதவீத ஈரத்தோடு. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும், கறவை மாடுகளுக்கான வெப்ப-ஈரப்பதக் குறியீட்டில் போட்டுப் பார்த்தால், கரூரில் 84-இலிருந்து 79-க்கு இறங்குகிறது. கடலோரத்தில் 88 என்பது 86 ஆகிறது, அவ்வளவுதான். கலப்பினப் பசுவுக்கு 72-ஐத் தாண்டினாலே சிரமம் தொடங்கிவிடும்.

நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: இரண்டு தெர்மாமீட்டருக்கும் இடையே 8 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காற்றைக் குளிர்விக்கலாம். 5-க்குக் கீழே போனால் காற்றில் ஈரம் சேர்க்கவே கூடாது. விசிறியும், உடம்பை நனைப்பதும் மட்டும். இடையில் இருந்தால் நேரம் பார்த்து. ஒரே ஊரிலும் மதியம் ஒரு கணக்கு, இரவு வேறு கணக்கு என்பதால் காலை, மதியம், மாலை என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

படி 2: தண்ணீருக்கு முன்னால் கூரை

தகர சீட்டும் ஆஸ்பெஸ்டாஸும் மதியத்தில் அடுப்பு. கீழே நிற்கும் மாட்டின் முதுகில் மேலிருந்து அனல் இறங்கிக்கொண்டே இருக்கும்போது கீழே தண்ணீர் தெளிப்பது பாதி வீண். கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது வெப்பம் திருப்பும் பெயின்ட் அடியுங்கள். சீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பினால் இன்னும் நல்லது. ஆனால் மின்கம்பி உரசும் இடத்தில் கீற்று வேண்டாம், தீ பிடித்தால் கட்டிய மாடு தப்பாது.

கூரைமேல் ஸ்பிரிங்க்ளர் போடுவது புழுக்கமான ஊருக்கும் பொருந்தும். அந்த ஈரம் வெளியே போகிறது, உள்ளே வருவதில்லை. சீட் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைய வேண்டும். இடைவிடாமல் ஓடவிட்டுத் தண்ணீர் தாழ்வாரத்தில் வழிந்தால் போர்வெல்தான் காலியாகும். கூரைமேல் சாக்கு விரித்திருந்தால் ஈரம் கொஞ்சம் நேரம் நிற்கும், தண்ணீரும் மிச்சம்.

கொட்டகை புதிதாகக் கட்டுவதாக இருந்தால் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். பக்கச் சுவர் வேண்டாம். காற்றோட்டத்தை அடைக்கும் வைக்கோல் போரையும் பழைய சாமான்களையும் நகர்த்துங்கள். பாதிக் கொட்டகைகளுக்கு முதலில் தேவைப்படுவது இந்தச் சுத்தம்தான், கருவி அல்ல.

படி 3: கறவை மாடு

மாடு கஷ்டப்படுகிறதா என்று அறிய விலாவைப் பாருங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் குளிர்விக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, எச்சில் ஒழுக இரைத்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். படுக்காமல் நின்றுகொண்டே இருப்பதும், தொட்டியைச் சுற்றியே நிற்பதும், அடர் தீவனத்தை மிச்சம் வைப்பதும் அதற்கு முந்தைய அறிகுறிகள். பால் குறைவது உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் கேனில் தெரியும். அதற்குள் வெயில் தணிந்திருந்தால் 'தீவனம் சரியில்லை' என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்போம். வெயிலில் சினை நிற்காமல் போவது இன்னொரு நஷ்டம்.

இப்போது ஏற்பாடு. முதலில் விசிறி. 36 அங்குல விசிறியின் காற்று ஏறத்தாழ 30 அடி வரை பயன்படும். அதனால் 30 அடிக்கு ஒன்று, எல்லாம் ஒரே திசையில், மாட்டுக்கு எட்டாத உயரத்தில், கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து. மாட்டின் முதுகு மட்டத்தில் காற்று விநாடிக்கு 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. வீட்டுச் சீலிங் ஃபேன் இதற்கு ஆகாது.

அப்புறம் தண்ணீர். இங்கேதான் பலர் தவறான நாசிலை வாங்குகிறார்கள். பனி போன்ற நுண்துளி மாட்டின் மயிர் நுனியில் முத்து முத்தாக உட்கார்ந்துகொள்ளும். பார்க்க நனைந்த மாதிரி இருக்கும். உள்ளே விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள், தோல் காய்ந்தே இருக்கும். அந்த ஈரப் போர்வை வெப்பத்தை வெளியே விடாது. நமக்கு வேண்டியது பெரிய துளி, தோல் வரை நனைக்கும் குறைந்த அழுத்த ஸ்பிரிங்க்ளர். தீவனத் தொட்டி ஓரமாகக் குழாயைக் கொண்டுபோய், மாட்டின் தோள், முதுகு பக்கம் மட்டும் தெளிக்கும் அரைவட்ட நாசில் போதும். தீவனத்தில் விழக் கூடாது.

ஒரு நிமிடம் தெளி, பிறகு நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிடு. தோல் காயத் தொடங்கியதும் மறுபடி. சாதாரண வெயிலில் கால் மணிக்கு ஒரு முறை, உச்சி வெயிலில் அதைவிட அடிக்கடி. ஒரு டைமரும், கரண்டில் தானே திறந்து மூடும் ஒரு சொலினாய்டு வால்வும் இதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு ஒரு மாட்டுக்கு ஒன்றேகால் லிட்டர் என்றால், மணிக்கு நான்கு சுற்று, ஆறு மணி நேரத்துக்கு 30 லிட்டர். பத்து மாட்டுக்கு 300 லிட்டர்தான். ஹோஸ் பிடித்துக் குளிப்பாட்டுவதைவிடக் குறைவு.

எப்போது நிறுத்துவது? தண்ணீர் வயிற்றின் அடியில் சேர்ந்து மடிக்கு வழியத் தொடங்கும் முன். மடியும் படுக்கையும் நனைந்தால் மடிநோயை நாமே கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி. டைமரை அந்தக் கணக்கில் குறைத்து வையுங்கள்.

கடலோரத்தில் இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு இஸ்ரேல் உதாரணம். அங்கே கடற்கரைச் சமவெளியின் புழுக்கத்தில்தான் 1980-களில் இந்த முறையை வகுத்தார்கள்: அரை நிமிடம் நனைப்பு, நாலரை நிமிடம் பலமான காற்று, இப்படி அரை மணி நேரம் போல, ஒரு நாளைக்குப் பல தடவை. மாட்டின் தோல் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் உள்ள தண்ணீர் புழுக்கத்திலும் காயும், பலமான காற்று இருந்தால். விசிறி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

சின்ன விவசாயிக்கு டைமர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு மாடுதான் என்றால் 11 மணி, 1 மணி, 3 மணிக்கு வாளியில் மொண்டு முதுகில் ஊற்றி விசிறிக்கு எதிரே கட்டுங்கள். இன்னொரு முறை இரவு எட்டு மணிக்கு. பகலெல்லாம் சேர்த்த சூட்டை மாடு இரவில்தான் இறக்கும். புழுங்கும் இரவில் அது முடியாமல் மறுநாளைச் சூட்டோடே தொடங்குகிறது. இரவுக் குளிப்பை யாரும் செய்வதில்லை, பலன் அதிகம் அதில்தான்.

எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, தோலும் கறுப்பு. குட்டை இருந்தால் விடுங்கள், இல்லாவிட்டால் மாட்டைவிட அடிக்கடி நனையுங்கள். காங்கேயம், உம்பளாச்சேரி போன்ற நாட்டு மாடுகளுக்கு நல்ல நிழலும் தண்ணீரும் பெரும்பாலும் போதும். ஜெர்சி, ஹெச்எஃப் (ஹோல்ஸ்டைன்) கலப்பினங்களுக்குத்தான் இவ்வளவு பாடும். வற்றிய சினைமாட்டை மறந்துவிடாதீர்கள். கறக்காத மாடுதானே என்று வெயிலில் கட்டினால் அடுத்த ஈத்துப் பால் குறையும். பன்றிக்கு வியர்வை கிடையாது, கழுத்தில் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் போதும். ஆட்டுக்கு நிழல்.

குடிதண்ணீர் தனியாக. கறவை மாடு கோடையில் நாளைக்கு 100 லிட்டருக்கு மேலும் குடிக்கும். தொட்டி நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் கறுப்பு ஹோஸில் வரும் முதல் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அடர் தீவனத்தை விடிகாலைக்கும் இரவுக்கும் தள்ளுங்கள். செரிக்கும்போதும் உடம்பில் சூடு உண்டாகிறது.

மாடு தள்ளாடினாலோ விழுந்தாலோ நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி விசிறி வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். கால்நடை ஆம்புலன்சுக்கு எண் 1962.

படி 4: கோழி

மாட்டுக்குச் சொன்னதைக் கோழிக்குச் செய்தால் ஆபத்து. கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்று ஈரமாகிவிட்டால் அந்த ஒரே வழியும் அடைபடும். இரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறுவதால்தான் நாமக்கல் பண்ணைகளில் கோடை முட்டையின் ஓடு மெலிகிறது.

திறந்த கொட்டகையில் ஃபாக்கர் என்றால் இரண்டு தெர்மாமீட்டர் வித்தியாசம் 8 டிகிரிக்கு மேல் இருக்கும்போது மட்டும், சில விநாடி அடித்து நிறுத்தி, காற்று ஓட்டத்தோடு. தரையில் வளர்க்கும் பிராய்லரில் கீழே விரித்த குப்பை நனைந்தால் அம்மோனியா கிளம்பும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கிறதென்றால் தண்ணீர் அதிகம். மதிய வெயில் ஏறும் முன்பே தீவனத்தை நிறுத்திவிடுங்கள், சாயங்காலம் கொடுங்கள். விற்பனைக்குத் தயாராக இருக்கும் கனத்த கோழிதான் முதலில் சாகும். நெருக்கத்தைக் குறைக்க அதற்கு முன்பே ஒரு பகுதியைப் பிடித்து அனுப்புவது நல்ல யோசனை. கோழி கொத்தினால் சொட்டும் நிப்பிள் குழாயில் நிற்கும் தண்ணீர் மதியத்தில் வெந்நீர் ஆகிவிடும். அவ்வப்போது திறந்து விட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றுங்கள்.

இசி ஷெட் (பக்கங்களை மூடி, ஃபேனாலும் பேடாலும் குளிர்விக்கும் கொட்டகை) கட்டுகிறவர்கள் பேட் அளவில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் நடைமுறையில் மணிக்குச் சுமார் 35,000 கன மீட்டர் இழுக்கும். ஆறு ஃபேன் என்றால் 2,10,000. விநாடிக்கு 58 கன மீட்டர். 6 அங்குல பேட் வழியாகக் காற்று விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் போகலாம் என்றால் வேண்டிய பேட் 36 சதுர மீட்டருக்கு மேல், அதாவது 390 சதுர அடி. ஐந்தடி உயர பேட் என்றால் இரு பக்கமும் தலா 39 அடி. இதில் பாதி வைத்தால் காற்று வேகமாகப் பாய்ந்து நனையாமலேயே உள்ளே வரும், ஃபேனும் திணறும்.

ஓட்டும் முறை: முதலில் எல்லா ஃபேனும், காற்று வேகம்தான் முதல் மருந்து. அதற்கும் அடங்காமல் 29 டிகிரியைத் தாண்டினால்தான் பேடுக்குத் தண்ணீர். வெளியே ஈரப்பதம் 75-80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பேடை நிறுத்திவிடுங்கள். பேடுக்கு நேரே நின்று பாருங்கள்: வறண்ட கோடு ஒன்று மேலிருந்து கீழே தெரிந்தால் அந்த இடத்தில் குழாய் ஓட்டை அடைத்திருக்கிறது, அந்தக் கோடு வழியாக வெளி அனல் நேராக உள்ளே வருகிறது.

மூடிய ஷெட்டில் கரண்ட் போனால் கோழிக்கு நிமிடக் கணக்குதான் ஆயுள். ஜெனரேட்டர், கரண்ட் போனதைச் சத்தமிட்டுச் சொல்லும் அலாரம், கையால் இறக்கக்கூடிய பக்கப் படுதா, மூன்றும் இல்லாமல் கோழி இறக்காதீர்கள்.

படி 5: வேலை செய்கிறவர்கள்

மாட்டுக்கு ஆறு விசிறி மாட்டிய பண்ணையில், சாணி அள்ளுகிறவர் நிழல் இல்லாத எருக்குழிப் பக்கம் நிற்பதைப் பார்க்கலாம். மனிதருக்கும் விதி ஒன்றுதான்: சொட்டி விழும் வியர்வையால் பயன் இல்லை, தோலில் காயும் வியர்வைதான் குளிர்விக்கும்.

ஓய்வு இடம் ஒன்றை முதலில் உருவாக்குங்கள். கீற்றுக் கொட்டகை, ஒரு விசிறி, காற்று வரும் பக்கம் நனைத்த சாக்கு அல்லது வெட்டிவேர் தட்டி. ஏர் கூலர் வைத்தால் எதிர்ப்பக்கச் சன்னலைக் கட்டாயம் திறந்து வையுங்கள். ஏசி மாதிரி மூடி வைத்தால் அரை மணியில் அறை புழுங்கிப்போகும். கடலோரத்தில் கூலரை விட்டுவிட்டு, முகம், கழுத்து, கையை நனைத்து விசிறி முன் உட்காரச் சொல்லுங்கள். காற்று 40 டிகிரியைத் தாண்டிய இடத்தில் காய்ந்த உடம்பின்மேல் விசிறி போட்டால் அனலைத்தான் வீசும். உடம்பை நனைத்துவிட்டுப் போடுங்கள்.

வெயிலில் வேலை செய்கிறவருக்கு நனைத்த பருத்தித் துண்டு கழுத்தில், நனைத்த முழுக்கைச் சட்டை உடம்பில், பாலியஸ்டர் வேண்டாம். ஈரம் காயும் குளிர்ச்சிச் சட்டைகள் இப்போது விற்கிறார்கள். உள்மாவட்டத்து வறண்ட வெயிலில் நன்று, தூத்துக்குடி உப்பளத்தில் காற்று அடங்கிய நேரத்தில் அது வெறும் பாரம். நூற்பாலைகளில் நூல் அறுந்துபோகாமல் இருக்க ஈரப்பதத்தை வேண்டுமென்றே ஏற்றி வைக்கிறார்கள். அங்கே கூலர் கேட்டு வாங்குவதைவிட ஆள் நிற்கும் இடத்துக்கு நேரடிக் காற்று கேட்டு வாங்குங்கள்.

கால் மணி அல்லது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கும் வரை காத்திராமல். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம். நீர்மோர் நல்லது. ஓஆர்எஸ் பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லையென்றால் இந்தப் பேச்சு எல்லாம் வீண். போக இடமில்லாததால் அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. என்னைக் கேட்டால் கூலருக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் கழிப்பறை கட்டச் சொல்வேன்.

புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே முழு வெயிலில் விடாதீர்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டலாம். ஊருக்குப் போய் நீண்ட நாள் கழித்துத் திரும்பியவரும் புது ஆள்தான்.

உளறல், தள்ளாட்டம், எரிச்சலாகக் கத்துவது, மயக்கம்: இவை ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று காத்திருக்க வேண்டாம், உழைக்கும் ஆளுக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்துச் சட்டையைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் சோடாவும் வேண்டாம், மோரும் வேண்டாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. அதனால் வெயிலில் விழுந்தவரின் மருத்துவப் பதிவில் காரணம் சரியாக எழுதப்படுகிறதா என்றும் பாருங்கள்.

படி 6: கரண்டும் தண்ணீரும் பராமரிப்பும்

ஈரத்தில் நிற்கும் உயிருக்குப் பக்கத்தில் மின்சாரம் ஓட்டுகிறோம். கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். நமக்கு உறைக்காத கசிவும் மாட்டுக்கு உறைக்கும். திடீரென்று மாடு தொட்டியில் வாய் வைக்கத் தயங்கினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கொங்குப் பகுதி போர்வெல் தண்ணீர் உப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு பேடிலேயே தங்கும். சுற்றிச் சுற்றி ஓடும் தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தைத் தொடர்ந்து வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்காவிட்டால் ஒரே கோடையில் பேட் கல்லாகிவிடும். நாசில் முன்னால் ஒரு ஃபில்டர். பாசி வராமல் இருக்கத் தினமும் இரவில் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டிப் பேடை முழுதாகக் காய வையுங்கள். கூலர் தொட்டியை வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள், டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும்.

இதையெல்லாம் மாசி மாதத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகு மோட்டார் கட்டுகிறவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். ஐப்பசி மழைக்கு முன் பேடைக் காய வைத்து, தொட்டியைக் கவிழ்த்து, பேடைப் படுதாவால் மூடுங்கள். எலி அதைக் குடைந்து கூடு கட்டும், அதற்கும் ஒரு கண் இருக்கட்டும்.